ஜெயித்தவன் குழம்பு வைக்கணும்

மூங்கில் கழி ஒன்று படகின் விலாவில் உரசிப் போகும்போது பெரிய சத்தம் எதுவும் வராது. அரிவாளைச் சாணைக்கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினால் வருமே, அவ்வளவுதான். காற்று, பாய் படபடக்கிற சத்தம், படகின் முன்பக்கமான அணியத்தில் தண்ணீர் அறைகிற சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது காதில் விழ வேண்டுமென்றால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். 2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டது. பலகை வழியாக ஒரு சின்ன நடுக்கம் தொடை வரைக்கும் ஏறியது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போயிருக்கிறேன். இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் பந்தயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் இருக்கிற சிறுபிள்ளைத்தனங்களைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். விஷயமே அவற்றில்தான் இருக்கிறது.

தொண்டிக்குத் தெற்கே, காரங்காட்டுக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில் இருக்கிற கரை எங்களுடையது. இந்தப் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு வைக்கிற பாய்மரப் படகுப் போட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. மைக் செட், மேடை, ரொக்கப் பரிசு, கரை முழுக்க சனம். நான் சொல்வது அது இல்லை. பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்தவர்களும் அவர்களுடைய தம்பி, மச்சான்களுமாகச் சேர்ந்து, வருடத்தில் ஒரு நாள், வத்தை என்கிற நாட்டுப்படகுகள் ஐந்தை வைத்துக்கொண்டு நாங்களாக ஓட்டிக்கொள்கிற பந்தயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்றாலும், எங்கள் செட்டில் பாதிப் பேர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் என்பதால் அப்போதுதான் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். எனக்கும் பள்ளிக்கூடம் லீவு. ராமநாதபுரத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். கடலுக்குப் போவதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு நாள் மட்டும், பாயைப் பிடித்து இழுக்கிற தாமான் கயிறு என் கையில் இருக்கும்.

ஒரு வெற்றிலை நேரம்

முதலில் இன்ஜினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட வேண்டும். தூக்கி மட்டும் வைத்தால் போதாது, கழற்றவே வேண்டும். அதைக் கழற்றி இறக்குவதற்குள் பாதிப் பேருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்ஜின் இல்லாத வத்தையைப் பார்த்தால் எங்கள் அப்பா காலத்து வத்தை திரும்பி வந்தது மாதிரி இருக்கும். அப்புறம் பாய். காடாத்துணிப் பாய் எல்லாம் போய்விட்டது. இப்போது வெள்ளை அரிசிச் சாக்குகளைப் பிரித்து, ஓரம் மடித்து, நைலான் நூலில் தைத்த பாய்தான். நீல வத்தையின் பாயில் ஒரு சாக்கு தலைகீழாகத் தைக்கப்பட்டு, நட்டநடுவில் ‘25 கிலோ’ என்று கவிழ்ந்து தெரியும். பல வருடமாக அப்படியேதான் இருக்கிறது. மாற்றித் தைக்க விடமாட்டோம். தூரத்தில் வரும்போது அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்.

ஐந்து வத்தையும் ஒரே அளவு கிடையாது. பெரியது பெரியதோடும் சிறியது சிறியதோடும் ஓடினால்தான் நியாயம். ஆனால் மொத்தமே ஐந்துதான் என்னும்போது அப்படிப் பிரிக்க முடியாது. அதனால் சின்ன வத்தை இரண்டையும் முதலில் விட்டுவிட்டு, மற்ற மூன்றும் ஒரு வெற்றிலை நேரம் காத்திருக்க வேண்டும். கரையில் இருக்கிற வயதானவர் ஒருவர் வெற்றிலையை எடுத்துத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, வாயில் போட்டு, மென்று, முதல் எச்சிலைத் துப்புகிற வரைக்கும் பாயை ஏற்றக் கூடாது. துப்பினால், பாயை ஏற்றுகிற கயிறான ஆஞ்சானை இழுக்கலாம். வெற்றிலை போடுகிறவரைக் கெஞ்சுவது, திட்டுவது, சுண்ணாம்பு டப்பாவை ஒளித்து வைப்பது எல்லாம் அனுமதி. அவரும் சும்மா இருக்க மாட்டார். போன வருடம் தனக்குக் கருவாடு கொடுக்காத வத்தை எது என்று யோசித்து யோசித்து மெல்லுவார்.

கரையிலிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் வாக்கில், இரண்டு பாகம், அதாவது சுமார் பன்னிரண்டு அடி, தண்ணீரில் சேற்றில் ஒரு மூங்கில் கழியை ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். இரண்டு பாகத்துக்கே அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கழியை இடப்பக்கம் வைத்துச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். மே மாதத்தில் முற்பகலுக்கு மேல் சோழகம் பிடித்துவிடும். தெற்கிலிருந்து வருகிற காற்று என்பதால் போகும்போதும் விலாவில் காற்று, வரும்போதும் விலாவில் காற்று. காற்று வருகிற பக்கம் நீட்டிய பலகையில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுத்தால்தான் வத்தை சாயாமல் ஓடும். ஒருத்தன் சுக்கான், ஒருத்தன் தாமான், ஒருத்தன் தண்ணீர் இறைக்க. ஆக ஐந்து பேர். யாருடைய நண்டு வலை மேலாவது ஏறிப் போனால் அந்த வலையை ஏறிப் போனவனே தைத்துக் கொடுக்க வேண்டும்.

வித்தை எல்லாம் கழியில்தான். அதைச் சுற்றும்போது நாம் கழிக்குத் தெற்கே இருப்போம். சோழகம் நம்மைக் கழியின் மேலேயே தள்ளும். தள்ளி வந்து சுற்றினால் பத்திரம், ஆனால் நேரம் போகும். ஒட்டிச் சுற்றினால் நான்கு பாகம் மிச்சம், ஆனால் உரசிவிடும். உரசினால் என்ன? அந்தப் படகிலிருந்து ஒருத்தன் “தொட்டாச்சு!” என்று கத்திக்கொண்டு கடலில் குதித்து, கழியை ஒருமுறை நீந்திச் சுற்றி, பிறகு படகேற வேண்டும். அதற்குள் மற்ற வத்தைகள் கைதட்டிக்கொண்டே தாண்டிப் போய்விடும். தொட்டதா இல்லையா என்று பார்க்க அங்கே யாரும் நிற்பதில்லை. தொட்டவனுக்குத் தெரியும், அவன் குதிப்பான். இத்தனை வருடத்தில் குதித்தவர்களைக் கணக்கெடுத்தால் முப்பது பேராவது வருவார்கள். சில பேர் தொடாமலேகூட வெயிலுக்குக் குதித்திருக்கிறார்கள்.

கடைசியாகக் கரை சேர்கிற வத்தையின் சுக்கான்காரனுக்குத் தாழை மாலை. பூந்தாழை இல்லை, கரையில் ஒதுங்கிக் கிடக்கிற கடற்புல்லான கடல்தாழை. ஈரத்தோடு அள்ளி, வைக்கோல் புரி மாதிரி முறுக்கி, கழுத்தில் போடுவோம். அதை அவன் சாயங்காலம் வரைக்கும் கழற்றக் கூடாது. டீக்கடைக்கும் அப்படியேதான் போக வேண்டும். முதலாவதாக வந்த வத்தைக்குப் பரிசு? அவர்கள்தான் எல்லாருக்கும் குழம்பு வைக்க வேண்டும். மீன், அரிசி, மிளகாய், விறகு எல்லாம் அவர்கள் செலவு. சமைப்பது, பரிமாறுவது, சட்டி கழுவுவது எல்லாம் அவர்கள் வேலை. தோற்ற இருபது பேரும் பந்தியில் உட்கார்ந்து, உப்பு கூட, புளி கம்மி என்று குற்றம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம். ஜெயித்தவன் குழம்பு வைக்கணும். எங்கள் பந்தயத்தில் வாய்விட்டுச் சொல்கிற விதி அது ஒன்றுதான்.

என் கூடப் படித்த ஒருத்தன் வெளிநாட்டில் உல்லாசப் படகுகளைப் பராமரிக்கிற துறையில் வேலை செய்கிறான். ஒரு முறை ஊருக்கு வந்தபோது அங்கேயும் இப்படித்தான் என்று சொன்னான். பெரிய பந்தயங்களைச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்ததும் நண்பர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் மூன்று மிதவையைச் சுற்றிவிட்டு வருகிற பந்தயம். அமெரிக்காவில் அதற்குப் பெயரே பீர் டப்பாப் பந்தயமாம். எங்கள் வெற்றிலை நேரத்துக்கு அவர்களிடம் கணக்கு இருக்கிறது. போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு முறை. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒரு எண் உண்டு. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான நேரம். எங்கள் பெரியவருடைய எச்சில் இதைவிடச் சுலபம். ஆனால் அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பாய்மரப் பந்தய விதிகளிலேயே, சுற்ற வேண்டிய குறியை ஒரு படகு தொட்டுவிட்டால் அந்தப் படகே விலகிப் போய்த் தன்னைத்தானே ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும் என்று இருக்கிறதாம். இன்னொரு படகுக்கு இடைஞ்சல் செய்தால் இரண்டு வட்டம். பெரும்பாலான பந்தயங்களில் அதைப் பார்க்க நடுவர் பக்கத்தில் இருப்பதில்லை. தப்புச் செய்தவனே உணர்ந்து சுற்றிவிட்டு வர வேண்டும். இதைக் கேட்டபோது எங்கள் வத்தைகளைப் பற்றிப் பெருமையாக இருந்தது. எவனோ எங்கேயோ புத்தகம் போட்டு எழுதி வைத்ததை நாங்கள் குதித்துக் காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாயிரம்

2023-இல் எங்களில் ஒருவர், வெளியூரில் நன்றாகச் சம்பாதிப்பவர், முதல் பரிசு 15,000 ரூபாய் என்று அறிவித்தார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. “எவ்வளவு நாளைக்குடா குழம்புக்கு ஓட்டுவீங்க, பயலுகளுக்கு ஒரு வேகம் வரட்டும்” என்றார். ஃப்ளெக்ஸ் அடித்தார், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் எடுத்துக் கொடுத்தார். வெற்றிலையை எடுத்துவிட்டு செல்போனில் மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பரிசு இருக்கும்போது ஜெயித்தவன் எதற்குச் சமைக்க வேண்டும் என்று பிரியாணிக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். தாழை மாலை ஃபோட்டோவில் நன்றாக இருக்காது என்று யாரோ சொன்னார்கள். சரி என்றோம். நானும்தான் சரி என்றேன்.

நான் ஏறியது பச்சை வத்தை. சுக்கானில் என் மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன். எங்களுக்குச் சரியாகப் பின்னால், நான்கு பாகம்கூட இருக்காது, நீல வத்தை. அதன் சுக்கான்காரன் பள்ளிவாசல் தெருக்காரன், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். ரத்த உறவு கிடையாது, ஆனாலும் அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாமா. கழி நெருங்க நெருங்க மச்சான் தள்ளி வரவில்லை. ஒட்டியே வந்தார். திருப்புகிற நேரம், பலகையில் இருந்தவர்கள் உள்ளே குதித்தார்கள், பாய் மறுபக்கம் புரண்டது. நான் இடப்பக்கம் கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம். கழி என் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, வளைந்து, விலாவைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போய், விடுபட்டு நிமிர்ந்தது. சிவப்புத் துணி இரண்டு முறை ஆடியது. நான் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கரையைப் பார்த்தோம்.

பாய் மறைத்ததால் பின்னால் வந்தவனுக்குத் தெரிந்திருக்காது. பலகைக்காரர்கள் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இறைத்த பையனுக்கும் தெரியாது. குதிக்க வேண்டியவன் நான்தான், அந்தப் பக்கம் இருந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கணத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று எத்தனையோ முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை. ஐந்தாகப் பிரித்தால் மூவாயிரம். ஆனால் நான் குதித்தால் மற்ற நாலு பேருடைய மூவாயிரமும் போகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் குதித்திருந்தால் நாலு பேரும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுச் சிரித்திருப்பார்கள். அன்றைக்குக் குதித்திருந்தால் ஒருவேளை சிரித்திருக்க மாட்டார்கள். அந்த ‘ஒருவேளை’தான் என்னைப் பலகையோடு பிடித்து உட்கார வைத்தது. ஜெயித்தோம். கவர் வாங்கினோம். என் மூவாயிரம் ஒரு வாரத்தில் செலவாகிவிட்டது. எதற்கு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சண்டை எதுவும் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். ஆனால் பிரியாணியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு ஆளாளுக்கு வீட்டுக்குப் போனார்கள். வெற்றிலை நேரம் இருந்திருந்தால் தங்களுக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும் என்று சின்ன வத்தைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியாக வந்தவன், மாலை போட ஆள் இல்லாமல், படகை இழுத்துக் கட்டிவிட்டு யாரிடமும் பேசாமல் நடந்தான். தோற்றதை ஊர் சேர்ந்து சிரித்துத் தீர்த்துவிட்டால் அது அன்றைக்கே முடிந்துவிடும். அவன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். 2024-இல் பந்தயம் நடக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தருக்குக் கல்யாண வேலை, ஒருத்தருக்குப் பாய் கிழிந்துவிட்டது, எனக்குத் தேர்தல் வேலை.

பரிசு பெரிதாகிவிட்டால் நடுவரும் பெரிதாகத்தான் வேண்டும். நாடுகளுக்கிடையே இன்னும் போட்டி நடக்கிற கோப்பைகளிலேயே மிகப் பழையது பாய்மரப் பந்தயத்தின் அமெரிக்காஸ் கப். 1851-இல் இங்கிலாந்தில் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் அமெரிக்கா என்ற படகு ஜெயித்ததால் வந்த பெயர். 1983-இல் ஆஸ்திரேலியாக்காரர்கள் கொண்டுபோகிற வரை 132 வருடம் அது அமெரிக்கர்களிடமே இருந்தது. 1988-இல் நியூசிலாந்தின் பெரிய ஒற்றைப் படகும் அமெரிக்கர்களின் இரட்டை உடல் படகும் அதற்காக மோதின. தண்ணீரில் இரண்டே ஓட்டம். ஆனால் யார் ஜெயித்தது என்று நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடைசியாகத் தீர்ப்புச் சொல்ல 1990 ஆகிவிட்டது. அந்தக் கோப்பைக்கு வக்கீல் தேவைதான், அதில் தப்பில்லை. ஆனால் மறுநாள் விடிகாலையில் ஒருவன் வலையை இன்னொருவன் பிடித்து இழுக்க வேண்டிய ஊரில் பந்தயம் வைத்தால், வக்கீலுக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று வேண்டும். எங்களுக்கு அது வெற்றிலையாகவும் தாழை மாலையாகவும் குழம்புச் சட்டியாகவும் இருந்தது. விளையாட்டுக்கு மேல் தூவிய அலங்காரம் என்று நினைத்துத்தான் அதை எடுத்தோம். எடுத்த வருடமே, இத்தனை காலம் யாரும் சொல்லாமல் குதித்த இடத்தில் நான் குதிக்கவில்லை.

கொடிக்கம்பு

2025 பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது மாப்ளையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் மச்சானிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நானும் வர்றேன்” என்றார். சாயங்காலம் போனோம். வாடைக்காற்றில் முற்றத்து வேப்பமரம் இரைந்துகொண்டிருந்தது. அவன் திண்ணையில் நண்டு வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தார்கள். டீ ஆறிய பிறகு, “மாப்ள, அன்னைக்குக் கழியில உரசிருச்சுடா. நான் குதிக்கல” என்றேன்.

அவன் நூலைப் பல்லில் கடித்து அறுத்தான். “தெரியும் மாமா” என்றான்.

எப்படித் தெரியும் என்று மச்சான் கேட்டார். அவன் தலையைத் தூக்காமல் முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே இரண்டு கவட்டைகளுக்கு நடுவில் துணி காயப்போடுகிற கொடிக்கம்பாக ஒரு மூங்கில் கிடந்தது. ஒரு சேலை, இரண்டு கைலி, ஒரு குழந்தைச் சட்டை. பந்தயத்துக்கு மறுநாள், யார் வலையிலாவது சிக்கிவிடப் போகிறது என்று கழியைப் பிடுங்கப் போனவன் அவன்தான். வழக்கமாக அவன்தான் போவான். நான் எழுந்து போய்க் கைலியை ஒதுக்கிப் பார்த்தேன். மூன்றாவது கணுவுக்கும் நான்காவது கணுவுக்கும் நடுவில், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைச் சாயம். வெயிலில் வெளுத்திருந்தது. ஆனால் எங்கள் வத்தையின் பச்சைதான்.

“ஒன்றரை வருசமாத் தெரிஞ்சுகிட்டே ஏன்டா கேக்கல?”

“காசு போனா போயிட்டுப் போகுது மாமா. தொட்டது தொடாதது உங்களுக்குத் தெரிஞ்சது.” இன்னொரு ஈயக்குண்டைக் கோத்தான். “ஜெயிச்சீங்கள்ல? குழம்பு வைக்கல. எனக்கு அதுதான் மாமா இன்னைக்கு வரைக்கும் ஆறல.”

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. திட்டுவான் என்று நினைத்தேன், இல்லை பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்பான் என்று நினைத்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை. இருக்கிற கடனைச் சொன்னான்.

கரிநாளன்று வைத்தோம். மச்சானும் நானும் விடியற்காலையில் போய் ஆறு கிலோ ஓரா வாங்கி வந்தோம். ஓரா மீனை ஆய்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. இரண்டாவது மீனிலேயே முதுகு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஓரா முள் குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். சுடுதண்ணீரில் விரலை வைத்துக்கொண்டே மற்ற கையால் புளி கரைத்தேன். மச்சான் சின்ன வெங்காயம் உரித்தார். பரிசு கொடுத்த நண்பருக்கும் ஃபோன் போட்டோம். லீவு இல்லை, ஆனால் அரிசி என் செலவு என்றார். கூடாது, ஜெயித்தவன் செலவுதான் என்று சொல்லிவிட்டோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள். அன்றைக்குக் கடைசியாக வந்தவனும் வந்தான். யாரோ கரையிலிருந்து ஒரு கைப்பிடி கடல்தாழையை முறுக்கிக்கொண்டு வந்து அவன் கழுத்தில் போட்டார்கள். “இப்பவாச்சும் போட்டீங்களேடா” என்று சொல்லிக்கொண்டே அவன் இலையில் உட்கார்ந்தான். வெற்றிலைப் பெரியவர் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, புளி கம்மி என்றார்.

மே மாதம் இன்ஜினைக் கழற்றும்போது கழிக்குப் புது மூங்கில் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று மாப்ள வீட்டுக் கொடிக்கம்பையே எடுத்துக்கொண்டு போய் ஊன்றினோம். அவன் அம்மாதான், அன்றைக்கு ஒரு நாள் துணியை எங்கே காயப்போடுவது என்று வாசல் வரைக்கும் வந்து சத்தம் போட்டார்கள். பந்தயம் முடிந்த கையோடு, ஈரத்தோடேயே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தோம்.